மலைச்சாலையில் பட்டையும் காற்றுப்பையும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் பழைய கேரவன்களை முன்வைத்து ஓர் ஆய்வு

வாகனத்தின் உடலுக்கும் சக்கர அச்சுக்கும் நடுவே நின்று, சாலையின் மேடுபள்ளம் உடலை எட்டாமல் தடுப்பதும், உடலின் எடை நான்கு மூலைகளிலும் ஒழுங்காகச் சாலைக்கு இறங்கும்படி பார்த்துக்கொள்வதுமான உறுப்புகளின் தொகுதி சஸ்பென்ஷன் எனப்படுகிறது. கனரக வாகனங்களில் இத்தொகுதி பெரும்பாலும் இரண்டு வகையாகவே அமைந்துவந்துள்ளது: எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய பட்டை வில் ஒன்று, ரப்பர் உறைக்குள் அழுத்திய காற்றை அடைத்து எடையைத் தாங்கவைக்கும் காற்றுப்பை மற்றொன்று. பணிமனைப் பேச்சில் முன்னது ‘பட்டை’ என்றும் ‘பிளேட்டு’ என்றும், பின்னது ‘பெல்லோ’ என்றும் வழங்குகின்றன. இவற்றில் எது மேல் என்ற கேள்வி பேருந்து, லாரி உலகில் பலமுறை அலசப்பட்டதுதான். ஆனால் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டி, கழிப்பறை ஆகியவற்றைச் சுமந்தபடியே ஓடும் வீட்டு வாகனத்துக்கு, அதிலும் பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த ஒன்றுக்கு, அந்த அலசலின் முடிவுகளை அப்படியே எடுத்துப் பொருத்திவிட முடியாது.

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டுக்கும் பொதுவாக அமைந்திருப்பது தமிழ்நாட்டு எல்லைதான். பாலக்காட்டிலிருந்து மூணாறு செல்லும் வண்டி, கோவிந்தாபுரம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சியையும் உடுமலைப்பேட்டையையும் கடந்து, சின்னாறு காட்டுக்குள் மறுபடியும் கேரளத்தைத் தொட்டு, மறையூர் வழியாக மேலேறுவது வழக்கமான பாதைகளுள் ஒன்று. இந்த ஒரே பயணத்துக்குள் இருவேறு உலகங்கள் அடங்கியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், கேரளத்திலேயே கோடை வெயில் மிகக் கடுமையாக அடிக்கும் சமவெளிகளுள் ஒன்று. வாளையாறு வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544 அதன் குறுக்கே ஏறக்குறைய நேராகக் கிடக்கிறது. இடுக்கியிலோ, கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தை ஒட்டிய தேயிலைச் சரிவுகள், மாதக்கணக்கில் ஓயாத தென்மேற்குப் பருவமழை, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி ஏறும் சாலை என எல்லாமே வேறு. ரப்பரை வெடிக்கவைக்கும் வெயிலும், எஃகைத் துருப்பிடிக்கவைக்கும் ஈரமும், அச்சை முறுக்கும் ஏற்றமும் ஒரே நாளில் ஒரே வண்டியின்மீது விழும் இடம் தென்னிந்தியாவில் இதைப்போல் அதிகமில்லை.

மேலைநாட்டுப் பொருளில் ‘மோட்டார் ஹோம்’ என்று சொல்லத்தக்க பழைய வாகனங்கள் இப்பகுதியில் பெருந்தொகையில் இல்லை என்றாலும், அதே இயல்புடைய மூன்று வகைகள் உள்ளன. படப்பிடிப்புக்கென்று நடிகர்களின் ஓய்வறையாக மாற்றப்பட்டு, பொள்ளாச்சி, கொல்லங்கோடு, ஒற்றப்பாலம், மூணாறு என ஓடிக்கொண்டிருக்கும் கேரவன்கள் முதல் வகை. தமிழில் ‘கேரவன்’ என்ற சொல்லே பெரும்பாலும் இவற்றைத்தான் குறிக்கிறது. கேரள அரசு 2021இல் அறிவித்த ‘கேரவன் கேரளா’ கொள்கையைத் தொடர்ந்து, சுற்றுலாப் பயணிகளுக்கென இறக்கப்பட்ட வாகனங்கள் இரண்டாம் வகை. இவை தங்குவதற்கான மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் திறக்கப்பட்டது. மூன்றாவது வகை சற்று விசித்திரமானது: கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020 நவம்பரில் மூணாறு பணிமனையில் தன் பழைய பேருந்துகளைப் படுக்கை அறைகளாக மாற்றி, ஒரு படுக்கைக்கு இரவொன்றுக்கு 100 ரூபாய் என வாடகைக்கு விட்டது. ஓடாத வீடானாலும் அதுவும் சஸ்பென்ஷன்மேல் நிற்கும் வீடே என்பதால், இந்த ஆய்வின் எல்லைக்குள் அதற்கும் இடமுண்டு.

இம்மூன்றையும் பேருந்திலிருந்தும் லாரியிலிருந்தும் பிரித்துக்காட்டும் பண்பு ஒன்று உண்டு. பேருந்து நிறைந்தும் காலியாகவும் ஓடும். லாரி ஏற்றியும் இறக்கியும் ஓடும். வீட்டு வாகனத்தின் சுமையோ ஒருபோதும் இறங்குவதே இல்லை. மர அலமாரியும் ஜெனரேட்டரும் குளிர்சாதனமும் ஷெட்டில் நிற்கும்போதும் வண்டியின்மேலேயே இருக்கின்றன. அதனால் சுமை மாறும்போதெல்லாம் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றல் என்ற காற்றுப்பையின் முதன்மைச் சிறப்பு இங்கே பாதி பொருளிழக்கிறது. ஓயாத சுமையால் தளர்ந்து உட்கார்ந்துவிடுவது என்ற பட்டை வில்லின் முதன்மைக் குறையோ இரட்டிப்பாகிறது. பின்வரும் ஒப்பீடு முழுவதையும் இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டே படிக்க வேண்டும்.

பட்டை வில் வண்டித் தொழிலின் மிகப் பழைய கருவிகளுள் ஒன்று. குதிரை வண்டிகளுக்கான நீள்வட்ட வில்லுக்கு ஒபதையா எலியட் 1804இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தென்னிந்தியச் சாலைகளில் வில்வண்டி வசதிபடைத்தோரின் அடையாளமாகிவிட்டது. திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893இல் தடையை மீறிப் பொதுச்சாலையில் ஓட்டிச்சென்றது கட்டை மாட்டுவண்டியை அல்ல, வில்வண்டியைத்தான் என்பது, யார் அதிராமல் பயணிக்கலாம் என்பதையும் சாதி வரையறுத்திருந்த காலத்தில் அந்த எஃகுப் பட்டைகளுக்கு இருந்த சமூக எடையைக் காட்டும். பின்னர் அதே பட்டைகள் லாரிக்கும் பேருந்துக்கும், மலைத்தோட்டங்களை ஆண்ட வில்லிஸ், மகீந்திரா ஜீப்புகளுக்கும் வந்துசேர்ந்தன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதையில் இன்றும் பயணிகளைச் சுமக்கும் ஜீப்புகள், இந்த எளிய அமைப்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கு நாள்தோறும் சான்று தருகின்றன. இடுக்கி வழியாக மட்டுமே வண்டி ஏறக்கூடிய அந்த மலை, நிருவாகத்தில் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது.

இதன் அமைப்பு பார்வைக்கு எளிது. மேலே இருக்கும் மிக நீளமான பட்டை, அதாவது மெயின் பிளேட், இரு முனைகளிலும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். முன்முனை சேசிஸில் நேரடியாகவும், பின்முனை ஷேக்கிள் எனப்படும் ஊசலாடும் இணைப்பின் மூலமும் மாட்டப்படும். அதன்கீழ்ப் படிப்படியாக நீளம் குறையும் பட்டைகள் அடுக்கப்பட்டு, நடுவே சென்டர் போல்ட்டால் கோக்கப்பட்டு, யு-போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கப்படும். எளிமைக்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. சுமையைத் தாங்குவது முதலாவது. அச்சு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்துவைப்பது இரண்டாவது. வளையும்போது பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டத்தைத் தணிப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே உறுப்பு செய்துவிடுவதால்தான் அது மலிவாகவும், பழுதுபார்க்க எளிதாகவும், உடைந்தாலும் வண்டியை முற்றிலும் கைவிடாததாகவும் இருக்கிறது. பட்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் நடுவில் தடிப்பாகவும் முனை நோக்கிப் பரவளைய வடிவில் மெலிவாகவும் உருட்டிச் செய்யும் பிற்கால வகையில், உராய்வும் எடையும் குறைந்து பயணம் மென்மையாகிறது. ஆனால் தணிக்கும் வேலை முழுவதும் ஷாக் அப்சார்பரின் தலையில் விழுகிறது.

மலைச்சாலை இந்த வில்லைச் சோதிக்கும் விதம் சமவெளியிலிருந்து வேறுபட்டது. செங்குத்தான ஏற்றத்தில் முதல் கியரில் வண்டி நகரும்போது, சக்கரத்தைச் சுழற்றும் விசையின் எதிர்வினை பின்னச்சைத் தன்மேலேயே முறுக்க முயல, பட்டைக்கட்டு ஆங்கில எஸ் எழுத்தைப்போல் நெளிகிறது; இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது அதே நெளிவு எதிர்த்திசையில் நிகழ்கிறது. ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும் போடிமெட்டு, குமுளி, நெல்லியாம்பதி போன்ற சாலைகளில் நாளெல்லாம் இது தொடர்வதால் எஃகில் களைப்புக் கீறல் தோன்றுகிறது. அது பெரும்பாலும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டியோ வளையத்தின் அடியிலோ தொடங்குகிறது. யு-போல்ட் தளர்ந்திருந்தால் சென்டர் போல்ட்டே அறுந்துபோகும்; அப்போது அச்சு சற்றே திரும்பி, வண்டி சாலையில் கோணலாக ஓடத் தொடங்கும். மழைக்காலச் சேறு பட்டைகளுக்கிடையே புகுந்து துருவாக மாறும்போது உராய்வு மிகுந்து, சிறு அதிர்வுகளுக்கு வில் வளையவே மறுக்கிறது. ‘பட்டை இறுகிவிட்டது’ என்று ஓட்டுநர்கள் குறைப்படும் நிலை இதுதான்.

இவற்றைவிடக் கேரவனுக்கே உரிய நோய், பட்டை ‘உட்கார்ந்துவிடுவது’. தன் தாங்குதிறனின் விளிம்பில் ஆண்டுக்கணக்கில் வளைந்தே நிற்கும் எஃகு, சிறிது சிறிதாகத் தன் ஆதி வளைவை இழக்கிறது. சமையலறையும் தண்ணீர்த்தொட்டியும் ஒரே பக்கத்தில் அமைந்துவிட்ட வண்டியில் இந்த இழப்பும் ஒருபக்கமாகவே நிகழ்ந்து, வண்டி நின்ற நிலையிலேயே சாய்ந்து காணப்படும். ஆயிரம் லிட்டர் தொட்டியென்றால் அதுவே ஒரு டன். அதை அச்சுக்கு மேலாகவும் நடுவிலும் வைக்காமல் பின்தொங்கலில் வைத்த கட்டுமானப் பிழையைப் பட்டைதான் காலமெல்லாம் சுமக்கிறது. தளர்ந்த பட்டைக்குப் பட்டறையில் மீண்டும் வளைவு ஏற்றித் தரும் பழக்கம் எல்லைப்புற ஊர்களில் பரவலாக உண்டு. குளிர்நிலையில் சீராகத் தட்டி வளைப்பது ஓரளவு பயன்தரும். உலையில் காய்ச்சி வளைத்து, மறுபடியும் முறையாகப் பதப்படுத்தாமல் விட்டால், வில்லெஃகு தன் வில்தன்மையை இழந்து சில மாதங்களில் முன்பைவிட மோசமாகத் தளரும். கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பதும் வழக்கம். எட்டுப் பட்டைக் கட்டில் அதே தடிப்புள்ள ஒன்பதாவது சேரும்போது விறைப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுகிறது, உயரம் அதற்கேற்பச் சிறிதே மீள்கிறது. புதிய பட்டைக்கட்டையே மாற்றுவதுதான் நேர்மையான தீர்வு. பஞ்சப்பட்ட தீர்வுகளே ஏன் நீடிக்கின்றன என்பதற்குப் பொருளாதாரத்தைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை.

பயண மென்மை என்பது வெறும் உணர்வன்று, அளக்கத்தக்கது. நிலையான சுமையில் வில் எவ்வளவு அமிழ்கிறது என்பதே வண்டியின் உடல் நொடிக்கு எத்தனை முறை மேலுங்கீழும் ஆடும் என்பதைத் தீர்மானிக்கிறது: 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் நொடிக்கு சுமார் 1.6 முறை, 25 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் சுமார் 1 முறை. மனித உடல் செங்குத்தான அதிர்வுகளில் நொடிக்கு 4 முதல் 8 வரையிலானவற்றை மிகக் கடுமையாக உணர்கிறது. ஆகவே ஆட்டம் ஒன்றுக்கு அருகில் அமைவது நல்லது. 2 டன் சுமைக்கென அமைந்து 10 சென்டிமீட்டர் அமிழும் பட்டைக்கட்டு, அதன் பாதிச் சுமையில் 5 சென்டிமீட்டர்தான் அமிழும். ஆட்டம் நொடிக்கு 2.2ஐத் தாண்டிவிடும். காலிப் பேருந்து தூக்கிப்போடுவதன் காரணம் இதுவே. கேரவனின் சுமை மாறாது என்பதால், அதன் உண்மையான எடையை அறிந்து அதற்கேற்ற பட்டையை ஒருமுறை பொருத்திவிட்டால், பேருந்தில் கிட்டாத மென்மையைப் பட்டை வில்லிலேயே பெற முடியும் என்ற முடிவு இக்கணக்கிலிருந்து பிறக்கிறது. நடைமுறையில் பெரும்பாலான கேரவன்கள் லாரி, பேருந்துச் சேசிஸின் பட்டையோடு அப்படியே ஓடுகின்றன. குறை கூறப்படுவது பட்டை வில் என்ற வகை, குற்றம் உள்ளதோ அந்தப் பொருத்தத்தில்.

காற்றுப்பையின் கதை வேறு. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1930களில் இதை உருவாக்கும் முயற்சியைத் தொடங்கியது; ஜெனரல் மோட்டார்ஸ் 1950களின் தொடக்கத்தில் தன் பேருந்துகளில் இதை வழக்கமாகப் பொருத்தியது. இந்தியாவில் 2001இல் வால்வோவின் பி7ஆர் பேருந்து வந்த பிறகே நெடுந்தூரப் பயணிகள் இதன் சுகத்தைப் பரவலாக அறிந்தனர். நைலான் இழை பொதிந்த ரப்பர் உறையே பையின் உடல். இடுப்பில் வளையமிட்டு இரண்டு மூன்று மடிப்புகளாகப் பிதுங்கி நிற்பது ஒரு வகை. உலோகக் குமிழொன்றின்மேல் உறை உருண்டு ஏறி இறங்குவது மற்றொரு வகை. பை தாங்கும் எடை, உள்ளிருக்கும் காற்றழுத்தத்தையும் பையின் பயனுறு பரப்பையும் பெருக்கி வருவது: ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள பை 2 டன் தாங்கவேண்டுமானால், அதற்குள் சுமார் 5 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு 70 பவுண்டை ஒட்டிய அழுத்தம் தேவை. சேசிஸுக்கும் அச்சுக்கும் இடையே ஒரு கோலால் இணைக்கப்பட்ட லெவலிங் வால்வு, உடல் தாழ்ந்தால் காற்றை உள்ளே விட்டும், உயர்ந்தால் வெளியேற்றியும் உயரத்தைக் காக்கிறது. சுமை கூடும்போது அழுத்தமும், அழுத்தத்தோடு விறைப்பும் கூடுவதால், நிறைந்த வண்டியும் காலி வண்டியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஆடுகின்றன. பட்டை வில்லால் இதைச் செய்யவே முடியாது.

ஆனால் பட்டை செய்த மூன்று வேலைகளுள் பை செய்வது ஒன்றை மட்டுமே. அச்சைப் பிடித்துவைக்கத் தனியே கம்பிகளும் கரங்களும், ஆட்டத்தைத் தணிக்க வலுவான ஷாக் அப்சார்பர்களும், பக்கச்சாய்வைத் தடுக்கக் குறுக்குத்தண்டும் வேண்டும். இவை ஒவ்வொன்றின் முனையிலும் ரப்பர் புஷ்கள் உள்ளன. பழைய வண்டியில் பை நன்றாக இருந்தும் வண்டி ‘மிதப்பதாக’ உணரப்பட்டால், தேடவேண்டிய இடம் பெரும்பாலும் இந்தப் புஷ்கள்தான். கொண்டை ஊசி வளைவுகளில் இன்னொரு நுட்பமான தொல்லை எழுகிறது. சாலையின் சிறு அதிர்வுகளுக்கெல்லாம் திறந்து மூடாதிருக்க லெவலிங் வால்வுக்குச் சற்றுத் தாமதம் வைக்கப்பட்டிருக்கும். சமவெளி வளைவுகள் அந்தத் தாமதத்துக்குள் முடிந்துவிடும். மெதுவாக ஊர்ந்து திரும்பும் மலை வளைவோ பல நொடிகள் நீடிப்பதால், வால்வு விழித்துக்கொண்டு, தாழ்ந்த வெளிப்பக்கப் பைக்குக் காற்றை ஏற்றி, உயர்ந்த உள்பக்கப் பையிலிருந்து காற்றை விட்டுவிடுகிறது. வளைவு முடிந்ததும் வண்டி சிறிது நேரம் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும்; அடுத்த வளைவு அதே எதிர்த்திசையில் வந்தால் சாய்வு கூடும். ஒவ்வொரு வளைவிலும் இப்படி வீணாகும் காற்றை ஈடுசெய்ய கம்ப்ரசர் ஓயாமல் உழைக்க நேர்கிறது.

காற்று என்பது பிரேக்குக்கும் உரியது என்பதால் இந்த உழைப்பு பாதுகாப்போடு தொடர்புடையது. முறையான அமைப்பில், பிரேக் தொட்டிகள் போதிய அழுத்தத்தை அடைந்த பிறகே சஸ்பென்ஷனுக்குக் காற்றை விடும் பாதுகாப்பு வால்வு இருக்கும். பை கிழிந்தாலும் பிரேக்கின் காற்று போகாது. பிற்காலத்தில் பட்டறையில் கூட்டிச்சேர்த்த அமைப்புகளில் இந்த வால்வு விடுபட்டிருக்குமானால், நீண்ட இறக்கத்தில் அது மன்னிக்கத்தக்க குறையன்று. மூணாற்றின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால், அதே சுற்றுகளுக்குக் கம்ப்ரசர் தரும் காற்றும் குறைந்து, தொட்டி நிரம்ப அதிக நேரமாகிறது. பருவமழைக்காலக் காற்றின் ஈரம் தொட்டிக்குள் நீராக இறங்கி, வால்வுகளை அரித்து ஒட்டவைக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் டிரையர் உருளையை உரிய காலத்தில் மாற்றுவதும் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து நீரை வடிப்பதும் இடுக்கியில் அலட்சியப்படுத்தக்கூடிய கடமைகள் அல்ல. பாலக்காட்டு வெயிலில் நின்ற பை, ஓசோனாலும் வெப்பத்தாலும் மடிப்புகளில் மெல்லிய வெடிப்புகளைப் பெறுகிறது. அவை இழை தெரியும் அளவுக்கு ஆழமானால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஓடாமல் நிற்கும் வண்டியில் பை கெடாது என்ற எண்ணம் தவறு: ரப்பர் வயதால் முதுமையடைவது, ஓடிய தூரத்தால் மட்டும் அல்ல.

இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது வழி, பட்டையையோ சுருள்வில்லையோ வைத்துக்கொண்டே அதற்குத் துணையாகச் சிறு காற்றுப்பையைப் பொருத்துவது. பழைய மோட்டார் ஹோம்கள் மிகுந்த அமெரிக்காவில் இதன் நன்மைதீமைகள் நன்கு வெளிப்பட்டுள்ளன. ஜெனரல் மோட்டார்ஸின் பி30 சேசிஸில் கட்டப்பட்ட வண்டிகளில் முன்புறச் சுருள்வில்களுக்கு உள்ளேயே காற்றுப்பைகள் இருந்தன. பை கிழிந்த பிறகும் வண்டி ஓடியதால் பலர் கவனிக்காமல் விட்டு, முன்பகுதி தாழ்ந்து, டயர்கள் கோணலாகத் தேய்ந்த பிறகே காரணத்தை உணர்ந்தனர். அதே நிறுவனம் 1973 முதல் 1978 வரை தயாரித்த ஜிஎம்சி மோட்டார் ஹோமில், பின்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் இரு சக்கரங்களின் கரங்களுக்கு நடுவே ஒரே காற்றுப்பை கிடைமட்டமாகப் பொருத்தப்பட்டிருந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அவ்வண்டிகள் ஓடுவதற்கு, பைகளுக்கு இன்றும் மாற்று கிடைப்பது ஒரு காரணம். மாற்று கிடைக்கும் வரைதான் எந்தச் சஸ்பென்ஷனும் நல்ல சஸ்பென்ஷன் என்பது, கேரளத்தின் எல்லையோர ஊர்களுக்கும் பொருந்தும் பாடம்.

துணைப்பைகளை அமைப்பதில் மூன்று செய்திகள் மலைச்சாலைக்குத் தனியே முக்கியமானவை. இடம், வலம் இரு பைகளையும் ஒரே குழாயில் இணைத்து ஒரே இடத்தில் காற்றடிக்கும் மலிவான ஏற்பாடு, வளைவில் அழுத்தப்படும் பையிலிருந்து காற்றை எதிர்ப்பக்கப் பைக்குத் தள்ளிச் சாய்வைக் கூட்டும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனிக்குழாய் வேண்டும். லெவலிங் வால்வு இல்லாமல் கையால் காற்றடிக்கப்படும் பையில், உயரமும் குளிரும் அழுத்தத்தை மாற்றுகின்றன: போடியில் 36 டிகிரி வெப்பத்தில் 4 பார் காட்டிய பை, சுமார் 1,000 மீட்டர் மேலே 18 டிகிரியில், குளிரால் 0.3 பார் அளவுக்கு இழந்து, வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் 0.1 பாரை ஒட்டி மீண்டும் பெற்று, மொத்தத்தில் 0.2 பாருக்குச் சற்றே குறைவான இழப்பைக் காட்டும். இது அஞ்சத்தக்க மாற்றமன்று. ஆனால் மேலே அளந்து கூட்டிய அழுத்தத்தோடு கீழே இறங்கும்போது அது திரும்ப ஏறிவிடும் என்பதை நினைவில் வைப்பது நல்லது. மூன்றாவது செய்தியே பெரியது. தளர்ந்த பட்டையின் உயரத்தைப் பை மீட்டுத்தருவதால், பட்டை குணமாகிவிட்டது என்ற மயக்கம் உண்டாகிறது. உண்மையில், கீறல்விட்ட பட்டை கண்ணுக்கு மறைக்கப்பட்டிருக்கிறது. அச்சைப் பிடித்துவைக்கும் வேலையை இன்னமும் அதுவே செய்துகொண்டிருக்கிறது. முட்டு கொடுத்த சுவரை இடிந்த சுவர் அல்ல என்று நம்புவதற்கு இது ஒப்பாகும். மேலும், பட்டை தன் சுமையைச் சேசிஸின் இரு இடங்களில் பிரித்துக்கொடுக்க, பை அதனை அச்சுக்கு மேலே ஒரே இடத்தில் குவிக்கிறது. அந்த இடத்தில் சேசிஸ் வலுப்படுத்தப்படாவிட்டால் விரிசல் அங்கே தொடங்கும்.

எனவே துணைப்பைக்கு நியாயமான இடம், நல்ல நிலையிலுள்ள பட்டையின்மேல், மாறும் சிறு பகுதிச் சுமையை ஈடுசெய்வதில்தான் இருக்கிறது: தண்ணீர்த்தொட்டி நிறைந்ததற்கும் காலியானதற்கும் உள்ள வேறுபாடு, ஒருபக்கச் சாய்வு, நிற்கும் இடத்தின் சரிவு ஆகியவை அத்தகையவை. இதைத் தீர்மானிக்கும் முன்னர், வண்டியை எடைமேடையில் முன்னச்சு தனியாகவும் பின்னச்சு தனியாகவும் நிறுத்தி எடைபோட்டு, சேசிஸ் தயாரிப்பாளர் அனுமதித்த அளவோடு ஒப்பிட வேண்டும். அளவு மீறியிருந்தால் எந்தப் பையும் தீர்வாகாது. பை உயரத்தைத் தருமே தவிர, அச்சுக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் தாங்குதிறனைத் தராது. இந்த எளிய எடைபோடுதல் செய்யப்படாமலேயே பெரும்பாலான சஸ்பென்ஷன் விவாதங்கள் நடப்பது வியப்புக்குரியது.

நிறுத்தி வைக்கப்படும் வீடுகளின் நிலை மேலும் சிந்திக்கத்தக்கது. முழுக் காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டி, இரவில் காற்று மெல்லக் கசிந்து, உள்ளிருக்கும் ரப்பர் முட்டுகளின்மேல் ஒருபக்கமாக இறங்கி உட்கார்ந்துவிடும். உறங்குவோர் காலையில் சரிவில் எழுவர். பட்டை வில் வண்டி அப்படி இறங்காது, ஆனால் உள்ளே ஒருவர் நடந்தாலும் ஆடும். மூணாறு பேருந்துகளைப்போல் நிலையாக நிற்பவற்றுக்கு இரண்டுமே தேவையற்றவை. சேசிஸின்கீழ் உறுதியான தாங்கிகளைக் கொடுத்து, சுமையைச் சஸ்பென்ஷனிலிருந்தே இறக்கிவிடுவது பட்டையையும் டயரையும் ஒருசேரக் காக்கும். மீண்டும் ஓடவேண்டிய கேரவன்களுக்கும், மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிற்கும்போது இதே முறை பொருந்தும்.

பழுதுபார்க்கும் வசதி என்ற அளவுகோலில் இப்பகுதி தெளிவாகப் பட்டையின் பக்கம் சாய்கிறது. பொள்ளாச்சி, உடுமலை, தேனி, கம்பம் என லாரித் தொழில் வேரூன்றிய ஊர்களில் பட்டைவேலை தெரிந்த பட்டறைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. மெயின் பிளேட் உடைந்த வண்டியைக் கட்டையும் சங்கிலியும் வைத்துக் கட்டி, மெதுவாக ஊர்போய்ச் சேரும் கலையும் அங்கே உயிரோடிருக்கிறது. காற்று சஸ்பென்ஷனின் வால்வையும் பையையும் சோதித்து மாற்றும் வசதிக்குக் கோயம்புத்தூரையோ கொச்சியையோ நாட நேரும். மூணாறு–போடிமெட்டு இடையே சுமார் 42 கிலோமீட்டர் சாலை அண்மையில் அகலப்படுத்தப்பட்டிருப்பதால், முன்பு ஏறத் தயங்கிய நீளமான சொகுசு வண்டிகளும் இனி மலைக்கு வரும். அவற்றின் பழுதுகளும் அவற்றோடு வரும். கூடவே, காற்று சஸ்பென்ஷன் சாலைக்கும் நன்மை செய்கிறது என்ற வாதத்தையும் புறக்கணிக்க முடியாது. ஐரோப்பிய சமூகம் 1992இல் வெளியிட்ட நெறிமுறையில், காற்று சஸ்பென்ஷனோ அதற்கு நிகரானதோ உள்ள இயக்க அச்சுகளுக்குச் சலுகை அளித்து, நிகர் என்பதற்கு நொடிக்கு 2 ஆட்டத்துக்கு மிகாமை முதலிய அளவுகளை வகுத்தது. ஆனால் அந்த வாதம் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் ஓடும் சரக்கு வாகனங்களுக்கு உரியது. எண்ணிக்கையில் சிறுத்த கேரவன்களின் சஸ்பென்ஷனைத் தேர்வதில் அதற்கு எடை குறைவு.

இறுதியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச்சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வரையறையோடு முரண்படும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடைசெய்கிறது; கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இத்தடையைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. கேரவன்களின் கட்டுமானத்துக்கென்றே ஏஐஎஸ்-124 என்ற தரநிலையும் நடைமுறையில் உள்ளது. தேய்ந்த பட்டையை அதே வரையறையுள்ள புதிய பட்டையால் மாற்றுவது பழுதுபார்ப்பு. பட்டைகளைக் கழற்றி எறிந்து, சேசிஸைத் துளைத்து, கரங்களையும் பைகளையும் பற்றவைத்து அமைப்பையே மாற்றுவது வேறு வகையான செயல், அதற்கு முன்னனுமதி வேண்டும். பட்டையோடு பிறந்த பழைய கேரவன் பட்டையோடும், பையோடு பிறந்தது பையோடும் தொடர்வதே, விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கும்போது, உரிமையாளருக்குக் கேள்வி எழாத ஏற்பாடு.